டயோடு கேள்வி பதில்: ஒருவழிப் பாதை முதல் எரிந்த பிரிட்ஜ் வரை

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, டயோடு ஒரு பக்கம் மட்டும் கரண்டை விடுது, எப்படி?

சிலிக்கானின் ஒரு பாதியில் பாஸ்பரஸ் கலந்திருக்கும், அங்கே எலக்ட்ரான் மிகுதி. மறுபாதியில் போரான், அங்கே எலக்ட்ரான் இல்லாத துளைகள் மிகுதி. இரண்டும் சேரும் இடத்தில் எலக்ட்ரான்கள் துளைகளை நிரப்பிவிடுவதால், நடமாடும் மின்சுமையே இல்லாத மெல்லிய பட்டை உண்டாகுது. போரான் பக்க முனையான ஆனோடுக்கு பாசிட்டிவ் கொடுத்தால் பட்டை ஒடுங்கி கரண்ட் பாயும். மாற்றிக் கொடுத்தால் பட்டை அகலும், கரண்ட் நிற்கும். அதுக்கும் ஓர் எல்லை உண்டு: 1என்4001 என்ற டயோடு தாங்குவது 50 வோல்ட், 1என்4007 தாங்குவது 1000. வெள்ளிக்கோடு உள்ள முனை கேத்தோடு, அதாவது பாஸ்பரஸ் பக்கம்.

கல்லிடைக்குறிச்சி: மல்டிமீட்டரில் நல்லது கெட்டது பார்ப்பது எப்படி?

முதலில் சப்ளையைக் கழற்றுங்க. பெரிய கெப்பாசிட்டரை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியே வடியவிட்டு, வோல்டேஜ் இறங்கியதை மீட்டரில் உறுதி செய்யுங்க. பிறகு டயோடின் ஒரு காலை போர்டிலிருந்து தூக்குங்க. டயோடு ரேஞ்சில் சிவப்பு முனை ஆனோடில், கறுப்பு கேத்தோடில் வைத்தால் சிலிக்கானுக்கு 0.5 முதல் 0.7 வரை காட்டும். திருப்பி வைத்தால் ஓ.எல்., அதாவது கரண்ட் பாயவில்லை. இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட், இரண்டு பக்கமும் ஓ.எல். என்றால் ஓப்பன்.

தென்காசி: 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் போட்டா 16 வருதே, கோளாறா?

இல்லை. பிரிட்ஜ் என்பது ஏ.சி.யை டி.சி. ஆக்கும் நாலு டயோடு இணைப்பு. 12 என்பது ஆர்.எம்.எஸ்., அதாவது ஏ.சி.யின் பயன் மதிப்பு. உச்சம் 17, இரண்டு டயோடில் 1.4 போனால் 15.6. லோடு இல்லாதபோது இன்னும் ஏறும். 16 வோல்ட் கெப்பாசிட்டர் போடாதீங்க, 25 வோல்ட் போடுங்க.

கயத்தாறு: 2 ஆம்பியர் வேணும்னு 1 ஆம்பியர் தாங்கும் 1என்4007 ரெண்டை இணையா வச்சேன். ஒண்ணு கருகிருச்சு.

கருகத்தான் செய்யும். எந்த இரண்டு டயோடும் சரிசமம் இல்லை. டிராப், அதாவது டயோடில் விழும் வோல்டேஜ், குறைந்தது கூடுதல் கரண்டை எடுக்கும், சூடாகும். ஒரு டிகிரி ஏறினால் டிராப் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். அதனால் இன்னும் கூடுதல் கரண்ட் அதுக்கே போகும். 3 ஆம்பியர் 1என்5408 ஒன்று போதும்.

சங்கரன்கோவில்: நாங்க அப்படித்தான் போடுதோம், ஓடுதே அண்ணாச்சி.

உங்க லோடு 1 ஆம்பியருக்குள்ளே இருக்கும், ஒரு டயோடே சுமக்குது. இணைத்தே ஆகணும்னா ஒவ்வொன்றுக்கும் தொடராக 0.1 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் வையுங்க. 1 ஆம்பியரில் அதில் விழும் 0.1 வோல்ட்தான் பங்கீட்டைச் சமன் செய்யும்.

கயத்தாறு: அப்போ நாலு 1என்4007 பிரிட்ஜும் 2 ஆம்பியர் தராதா?

கணக்கில் தரும். பிரிட்ஜில் ஒவ்வொரு டயோடும் பாதி நேரமே வேலை செய்யுது, சராசரி 1 ஆம்பியர்தான்.

சங்கரன்கோவில்: பார்த்தீங்களா, நான் சொன்னதுதான் சரி!

இது வேற விஷயம். இங்கே டயோடுகள் முறை வைத்துச் சுமக்குது, இணையாக இல்லை. அந்தக் கணக்கும் காகிதத்தோடு சரி. பின்னால் கெப்பாசிட்டர் இருந்தால் கரண்ட் சீராகப் பாயாது, உச்சத்தில் மட்டும் குறுகிய துடிப்பாகப் பாயும், சூடு கூடும். அக்கினி வெயிலில் மூடின தகரப்பெட்டிக்குள் முழு ரேட்டிங்கை யாரும் நம்பாதீங்க.

வள்ளியூர்: மோட்டார் ஆட்டோ ஸ்டார்ட்டரில் ரிலே ஓட்டும் டிரான்சிஸ்டர் அடிக்கடி போகுது.

காயிலுக்குக் குறுக்கே 1என்4007, கேத்தோடு பாசிட்டிவ் பக்கம். காயில் அணையும்போது எழும் எதிர்வோல்டேஜ் அதன் வழியே சுற்றித் தணியும். திருப்பிப் போட்டால் ஆன் செய்தவுடனே டிரான்சிஸ்டர் போயிரும்.

களக்காடு: கோடு எந்த முனை?

முதல் பதிலில் இருக்கு.

பணகுடி: காற்றாலையில் ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபயர் பற்றி?

என் துறை இல்லை. அதைப் பராமரிக்கும் பொறியாளரைக் கேளுங்க.

கடையம்: போர்டில் வச்சே பார்த்தேன், ரெண்டு பக்கமும் ரீடிங் வருது.

ஒரு காலைத் தூக்குங்க. மேலே எழுதியதைப் படிச்சிட்டுக் கேளுங்க, தம்பி.

ஆலங்குளம்: எஸ்.எம்.பி.எஸ். செகண்டரியில் 1என்4007 போட்டேன், கொதிக்குது.

அது 50 ஹெர்ட்ஸுக்கு உண்டானது. எஸ்.எம்.பி.எஸ். என்பது கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜை மாற்றும் சப்ளை, செகண்டரி அதன் அவுட்புட் பக்கம். இங்கே ஓடுவது பத்தாயிரக்கணக்கான ஹெர்ட்ஸ். திசை மாறும்போது அந்த டயோடு மூட மைக்ரோ நொடிகள் ஆகும், அதுவரை கரண்ட் பின்னோக்கிப் பாயும், அதுதான் சூடு. வேகமாக மூடும் டயோடு போடுங்க: 5 வோல்ட் அவுட்புட் என்றால் ஷாட்கி வகை 1என்5822, 12 வோல்ட் 1 ஆம்பியருக்குள் என்றால் யு.எஃப்.4007. மெயின்ஸ் வரும் பக்கமான பிரைமரியின் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டி.சி. நிற்கும். பிளக்கை உருவினாலும் நிற்கும். வடியவிட்டு, அளந்து பார்த்த பிறகே கை வையுங்க.