பிலிப்பைன்ஸ் காதல் படங்கள்: எங்கே தொடங்குவது, எதைக் கவனிப்பது? (கேள்வி பதில்)

ஆசை, காதல், உடைந்த தாம்பத்தியம் என்று பிலிப்பைன்ஸ் சினிமா தொடர்ந்து தொடும் விஷயங்களைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். எந்தப் படத்தின் முடிவையும் இங்கே உடைக்கவில்லை.

கேள்வி: ஒரு பிலிப்பைன்ஸ் படம்கூடப் பார்த்ததில்லை அக்கா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

லினோ ப்ரோக்கா இயக்கிய 'இன்சியாங்', 1976. ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். 1978-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் இயக்குநர்கள் பிரிவில் காட்டினார்கள். கானுக்குப் போன முதல் பிலிப்பைன்ஸ் படம் அதுதான்.

மணிலாவின் தோண்டோ குடிசைப் பகுதியில் கதை நடக்கிறது. புருஷன் விட்டுப் போன தாய் தோன்யா, தன் வீட்டில் தங்கியிருக்கும் புருஷனின் சொந்தக்காரர்களைத் திட்டித் துரத்துகிறாள். காசில்லை என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அவர்கள் போன இடத்துக்கு, தன்னைவிட வயதில் குறைந்த தாதோ என்பவனைக் கூட்டிவந்து வைத்துக்கொள்கிறாள். அவன் கண் மகள் இன்சியாங் மேல் விழுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்பதுதான் படம்.

முதல் காட்சியைத் தவறவிடாதீர்கள். கசாப்புக் கூடத்தில் பன்றிகளைக் கொல்கிறார்கள், அலறல், ரத்தம், கொதிநீர். தாதோவுக்கு அங்கேதான் வேலை. பலரும் அதை அதிர்ச்சிக்காக வைத்தது என்று நினைத்துத் தள்ளி ஓட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கடைசிக் கால் மணி நேரத்தின் கனம் பாதி போய்விடும். தாயாக நடித்த மோனா லீசா, மகளாக நடித்த ஹில்டா கொரோனெல் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையைப் பின்தொடருங்கள். படத்தின் உண்மையான ஜோடி அவர்கள் இருவர்தான்.

கேள்வி: அங்கே விவாகரத்தே கிடையாது என்கிறார்களே, உண்மையா? படங்களைப் புரிந்துகொள்ள அது அவசியமா?

உண்மைதான், மிகவும் அவசியமும்கூட. வத்திக்கானை விட்டுவிட்டால், பொதுவான விவாகரத்துச் சட்டம் இல்லாத நாடு பிலிப்பைன்ஸ் மட்டும்தான். முஸ்லிம்களுக்கு 1977-இன் தனிச் சட்டப்படி விவாகரத்து உண்டு. மற்றவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று சட்டப்படிப் பிரிந்து வாழ்வது. அதில் மறுமணம் முடியாது. இன்னொன்று, திருமணமே செல்லாது என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது. குடும்பச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு இதற்கு அதிகம் பயன்படுகிறது. 'மண வாழ்க்கையின் கடமைகளைச் செய்ய உளரீதியாக இயலாதவர்' என்று காட்ட வேண்டும். 2021 வரை இதற்கு மனநல நிபுணரின் சாட்சி இல்லாமல் கதை நடக்காது என்ற நிலை. அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம், இது மருத்துவக் கேள்வி அல்ல, சட்டக் கேள்வி என்று தளர்த்தியது. 2024 மே மாதம் கீழவை ஒரு விவாகரத்து மசோதாவை நிறைவேற்றியது. அதனால் மட்டும் அது சட்டமாகிவிடவில்லை.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. தண்டனைச் சட்டத்தின் 333-ஆம் பிரிவுப்படி, மணமான பெண் இன்னொருவனோடு ஒருமுறை கூடினாலே குற்றம். 334-ஆம் பிரிவில் கணவனுக்கு அப்படி இல்லை. அவன் இன்னொருத்தியைத் தன் வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும், அல்லது ஊர் சிரிக்கும்படி உறவு வைத்திருக்க வேண்டும், அல்லது வேறிடத்தில் குடித்தனம் நடத்த வேண்டும். அப்போதுதான் குற்றம், அதற்கும் தண்டனை குறைவு. மனைவிக்குச் சிறை ஆறு ஆண்டு வரை போகும். கணவனுக்கு அதிகபட்சம் நான்கு ஆண்டு இரண்டு மாதம்.

இதைத் தெரிந்துகொண்டு இஷ்மாயெல் பெர்னாலின் 'ரெலாசியோன்' (1982) பாருங்கள். வில்மா சாண்டோஸ் நடித்த மரிலு, எமில் என்ற மணமானவனோடு வாழ்கிறாள். சமைக்கிறாள், துவைக்கிறாள், அவன் கோபத்தைத் தாங்குகிறாள். மனைவி செய்யும் எல்லா வேலையும் அவள் தலையில், மனைவிக்கு உள்ள ஒரு உரிமையும் அவள் கையில் இல்லை. 'ஏன் இவள் கிளம்பிப் போகவில்லை, ஏன் இவன் முதல் மனைவியை முறையாகப் பிரியவில்லை' என்று நமக்குத் தோன்றும் கேள்விக்கு விடை அந்த நாட்டின் சட்டத்தில் இருக்கிறது. இந்தப் படத்துக்காக அந்த ஆண்டின் நான்கு பெரிய நடிகை விருதுகளையும் வில்மா ஒருசேர வாங்கினார். அவருக்கு முன் யாரும் அப்படி வாங்கியதில்லை.

கேள்வி: சப்டைட்டிலில் 'மிஸ்ட்ரஸ்' என்று வருகிற இடத்தில் அவர்கள் 'காபிட்' என்று ஏதோ சொல்கிறார்கள். என்ன வித்தியாசம்?

'காபிட்' என்றால் ஒட்டவைத்தது, கொக்கி போட்டு மாட்டியது. நம் 'சின்ன வீடு' அதற்கு ரொம்பப் பக்கம், ஆனால் காபிட்டில் இழிவு இன்னும் கூடுதல். 2011-இன் 'நோ அதர் உமன்', 2012-இன் 'தி மிஸ்ட்ரஸ்' இரண்டும் பெரிய வெற்றி பெற்ற பின் இதே கதையை வரிசையாக எடுத்துத் தள்ளினார்கள். பெரும்பாலானவை மனைவியும் காபிட்டும் வசனத்தால் அறைந்துகொள்ளும் படங்கள். 'ரெலாசியோன்' பார்த்த பிறகு அவை மெலிதாகத் தெரியும்.

கேள்வி: 'கிசாப்மாட்டா' பார்த்தேன். பேய் இல்லை, ரத்தம் கடைசி வரை இல்லை, ஆனால் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. எப்படிச் செய்கிறார்கள்?

மைக் டி லியோன், 1981. தலைப்புக்குக் 'கண் இமைக்கும் நேரத்தில்' என்று பொருள். 1961-இல் மணிலாவை அடுத்த மக்காத்தியில் நடந்த ஒரு நிஜச் சம்பவத்தை எழுத்தாளர் நிக் ஹோவாகின் கட்டுரையாக்கினார். படம் அதிலிருந்து வந்தது.

பயம் எங்கிருந்து வருகிறது என்றால், மரியாதையிலிருந்து. ஓய்வுபெற்ற போலீஸ்காரர் தாதோங் 'முடியாது' என்று நேரடியாகச் சொல்பவர் அல்ல. மகள் மிலா கர்ப்பம், நோயலைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறாள். சரி என்கிறார், ஆனால் மாப்பிள்ளை வீட்டாரால் தாங்க முடியாத தொகையைக் கேட்கிறார். கல்யாணம் நடக்கிறது. முதலிரவில், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மிலா அவளோடு படுக்கட்டும் என்கிறார். ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு பெரியவர் கேட்கக்கூடியதுதான். அதனால் நோயல் ஒவ்வொரு முறையும் 'சரி' என்கிறான். அந்தச் 'சரி'களை எண்ணிக்கொண்டே பாருங்கள்.

மறுமுறை பார்க்கும்போது வாசல்களை மட்டும் கவனியுங்கள். வெளிக்கதவுக்குப் பூட்டு, சுவர் மேல் முள்கம்பி. திருடனுக்காக என்று நினைத்திருப்போம். பிறகுதான் அந்தக் கம்பி யாரை உள்ளே வைக்கிறது என்று உறைக்கும். தந்தைக்கும் மகளுக்கும் இடையிலான கொடுமையைப் படம் எங்கும் காட்டுவதில்லை, வாயால் சொல்வதும் அரிது. தாயாக வரும் சாரிதோ சோலிஸின் மௌனம் அதைச் சொல்கிறது. தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கும் அந்த முகம்தான் தூக்கத்தைக் கெடுத்தது என்று நினைக்கிறேன்.

கேள்வி: போம்பா, போல்ட், இப்போ விவாமேக்ஸ்... எல்லாம் ஒரே மாதிரிதானா? வீட்டில் தெரிந்தால் திட்டு விழும் வகையா?

ஒன்றல்ல. 'போல்ட்' என்பது கவர்ச்சிப் படங்களுக்குப் பொதுவாக ஒட்டிய பெயர். 'போம்பா' 1960-களின் கடைசியில் கிளம்பிய கவர்ச்சிப் பட அலை. 1970-இல் வந்த 'உஹாவ்' (தாகம்) அதன் அடையாளம். 1972-இல் அதிபர் மார்க்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்ததும் தணிக்கை இறுகியது, நிர்வாணம் போனது. உடனே நனைந்த உள்ளாடை வந்தது. 1974-இல் செல்சோ ஆட் காஸ்டில்லோ, 1969-இன் பிரபஞ்ச அழகி (மிஸ் யுனிவர்ஸ்) குளோரியா டியாஸை வைத்து எடுத்த படம் அதைத் தொடங்கி வைத்தது. 1980-களின் நடுவில் அப்பட்டமான காட்சிகள் கொண்ட அலை. 1985-இல் இப்போதுள்ள தரப்படுத்தும் வாரியம் அமைந்தது. விவாமேக்ஸ் 2021 ஜனவரியில் வந்த, படங்களை ஓட்டும் இணையதளம்.

பிரிக்க ஒரு சோதனை சொல்கிறேன். படுக்கைக் காட்சிக்குப் பிறகு கேமரா யாரோடு தங்குகிறது என்று பாருங்கள். காட்சி முடிந்ததும் வெட்டி அடுத்த வேலைக்குப் போனால், அது சரக்கு. அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து என்ன செய்கிறாள் என்று காத்திருந்தால், அது சினிமா. ஜெஃப்ரி ஜெதுரியனின் 'துஹோக்' (2001) இந்தக் கேள்வியையே கதையாக்கியது. பாலியல் கொடுமைக்கு ஆளான கிராமத்துப் பெண்களின் கதையைச் சினிமாக்காரர்கள் கேட்டு வாங்கிப்போய், கவர்ச்சிப் படமாக்குகிறார்கள். அந்தப் பெண்கள் அதைத் தியேட்டரில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். உண்மையும் திரையும் மாறி மாறி வரும். இந்த வகைப் படங்கள் நூறு பார்ப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டில் எல்லோரோடும் பார்க்கும் படங்கள் இவற்றில் எதுவும் இல்லை.

கேள்வி: 'ஸ்கார்ப்பியோ நைட்ஸ்' எந்தப் பக்கம் சேரும்?

1985, பெக்கே கல்லாகா. பெரியவர்களுக்கு மட்டுமான படம், மிக வெளிப்படையானது. மேல்மாடி மாணவன் பலகைத் தரையின் ஓட்டை வழியே கீழ்வீட்டைப் பார்க்கிறான். காவலாளி இரவில் வேலை முடிந்து வருகிறான், சாப்பிடுகிறான், ஒரு வார்த்தை பேசாமல் மனைவியைப் பயன்படுத்திக்கொண்டு தூங்கிவிடுகிறான். தினமும் அதே வரிசை. மாணவன் ஒருநாள் கீழே இறங்குகிறான். புழுக்கமும் துப்பாக்கியும் அலுப்பும் நிறைந்த அந்தக் கட்டடம் மார்க்கோஸ் ஆட்சியின் கடைசி நாட்களின் படம் என்று விமர்சகர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. இது சினிமாதான். 2001-இல் கொரியாவில் 'சம்மர்டைம்' என்று மறுபடியும் எடுத்தார்கள்.

கேள்வி: ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தால் என்ன விட்டுப்போகும் மேடம்?

முக்கியமாக 'போ'. பிலிப்பைன்ஸின் முக்கிய மொழியான தகலோக்கில் பெரியவர்களிடம் பேசும்போது வாக்கியத்தில் சேர்க்கும் சிறு சொல். நம் 'ங்க' செய்யும் வேலையை அப்படியே செய்யும். 'வாங்க' என்பது 'வா' ஆகிற இடத்தில் நமக்கு என்ன உறைக்குமோ, 'போ' காணாமல் போகும் இடத்தில் அவர்களுக்கு அது உறைக்கும். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். காதைத் தீட்டினால் தமிழர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். ஒரு சண்டைக் காட்சியில் 'போ' எப்போது நின்றது என்று மட்டும் கேளுங்கள்.

'ஆத்தே' என்றால் அக்கா, 'கூயா' என்றால் அண்ணன். அந்தச் சொல்லால் அழைத்தவரைக் காதலிக்கத் தொடங்கும்போது அழைப்பு மாறும். அதையும் சப்டைட்டில் பெயராக்கி மறைத்துவிடும். சண்டையில் திடீரென்று முழு வாக்கியமும் ஆங்கிலத்தில் வந்தால், அது வர்க்கம் பேசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரிந்த காதலுக்கு மூன்று மாதம் என்று பிலிப்பைன்ஸ் நண்பர்கள் சொல்கிறார்கள். அது என்ன கணக்கு?

கேத்தி கார்சியா மொலினாவின் 'ஒன் மோர் சான்ஸ்' (2007) படத்திலிருந்து பரவியது. பிரிந்தபின் மூன்று மாதம் வேறு யாரோடும் சேரக்கூடாது. பேச்சு வழக்கில் விதியாகவே ஆகிவிட்டது. இப்படி நெஞ்சிலிருந்து பிடுங்கி எடுத்ததுபோல் வரும் வசனத்துக்கு 'ஹூகோட்' என்று பெயர், பிடுங்குதல் என்றே பொருள்.

படம் பிடித்திருந்தால் 2015-இன் 'எ செகண்ட் சான்ஸ்' கட்டாயம் பாருங்கள். முதல் படத்தின் அதே ஜோடி, போபோய், பாஷா. இப்போது கணவன் மனைவி, கட்டுமானத் தொழிலில் கடன். காதலர்கள் சேர்ந்ததும் படத்தை முடிக்கும் ஒரு கம்பெனி, சேர்ந்தபின் வீட்டுக் கணக்கு எப்படிக் காதலைத் தின்கிறது என்று எடுத்தது பெரிய விஷயம்.

கேள்வி: வெளிநாடு போன கணவன், காத்திருக்கும் மனைவி மாதிரிக் கதைகள் உண்டா?

அது ஒரு தனிக் கிளையே. 'சானா மாவுலித் மூலி' (1995) அமெரிக்கா, 'மிலான்' (2004) இத்தாலி, 'ஹலோ, லவ், குட்பை' (2019) ஹாங்காங். கடைசிப் படத்தில் ஜாய் வீட்டுவேலை செய்கிறாள், கனடா போவதற்குக் காசு சேர்க்கிறாள். ஹாங்காங் சட்டப்படி வெளிநாட்டு வீட்டுவேலைக்காரர்கள் முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும். அதனால் காதலுக்கு அறை கிடையாது, விடுமுறை நாளும் தெருவும்தான். காட்சிகள் ஏன் இவ்வளவு வெளியிலேயே நடக்கின்றன என்பதற்கு அதுவே விடை. தொடர்ச்சியான 'ஹலோ, லவ், அகெய்ன்' (2024) நூறு கோடி பெசோ வசூலைத் தாண்டிய முதல் பிலிப்பைன்ஸ் படம்.

கேள்வி: பெண்கள் இயக்கியவை?

மரிலு டியாஸ் அபாயாவின் 'ப்ரூட்டல்' (1980), 'மோரல்' (1982), 'கார்னால்' (1983). மூன்றுக்கும் திரைக்கதை ரிக்கி லீ. முதலில் 'மோரல்': நான்கு தோழிகள், ஒருத்தியின் முன்னாள் கணவன் இப்போது ஓர் ஆணோடு வாழ்கிறான், யாரையும் படம் தண்டிப்பதில்லை. லாரிஸ் கியென் இயக்கிய 'சலோமே' (1981) அடுத்தது. ஒரே கொலையை வெவ்வேறு வாய் சொல்லும்.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் எல்லாம் ரோஸ் கலரில் இருக்கின்றன. அப்படித்தான் எடுத்தார்களா?

இல்லை, அது அழுகல். பழைய வண்ணப் பிலிமில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறும், மீதி சிவப்பும் ரோஸும் நிற்கும். மணிலாவின் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பிலிமின் அசிடேட் சிதைந்து வினிகர் நாற்றமெடுக்கும், சுருங்கும். அந்த நிலைக்குப் போனால் மீட்பது மிகக் கடினம்.

தேடும்போது 'மீட்டெடுக்கப்பட்ட பிரதி' என்று இருக்கிறதா பாருங்கள். 'இன்சியாங்' 2015-இல் மீட்கப்பட்டது, 'கிசாப்மாட்டா' 2020-இல். பிரதியின் நீளத்தையும் சரிபாருங்கள். பெர்னாலின் 'மணிலா பை நைட்' (1980) கடுமையாக வெட்டுப்பட்டு, 'சிட்டி ஆஃப்டர் டார்க்' என்ற பெயரில் வெளிவந்தது. மணிலா என்ற சொல்லையே வசனத்திலிருந்து எடுக்கச் சொன்னார்கள், ஊருக்குக் கெட்ட பெயராம். பெயர் மாறிய பிரதி கையில் கிடைத்தால் வைத்துவிட்டு, பழைய பெயர் உள்ளதைத் தேடுங்கள்.

கேள்வி: இவ்வளவு இருட்டான படங்களை எந்த நேரத்தில் வெளியிட்டார்கள்?

கிறிஸ்துமஸுக்கு. டிசம்பர் 25-இல் தொடங்கும் மெட்ரோ மணிலா திரைப்பட விழாவில் அந்த நாட்களில் உள்ளூர்ப் படங்கள்தான் ஓடும். 'இன்சியாங்', 'ப்ரூட்டல்', 'கிசாப்மாட்டா', 'மோரல்', 'கார்னால்' எல்லாமே அந்த விழாவுக்கு வந்தவை. நள்ளிரவுப் பூசை முடித்து, குடும்பத்தோடு சாப்பிட்டு, மறுநாள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு தாதோங்கின் வீட்டைக் காட்டினார்கள்.