டெஸ்ட் பில்டை (சோதித்துப் பார்க்க எடுத்த ஆப்பை) வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா? நாலு பேர் டீமுக்கு ஃபாஸ்ட்லேன் (பில்டு எடுத்து அனுப்புவதைத் தானாகச் செய்யும் கருவி) எல்லாம் எதற்கு?

கேள்வியைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. இதையே நான் எங்கள் டீம் லீடிடம் கேட்டிருக்கிறேன், கொஞ்சம் நக்கலாகவே.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஃப்ளட்டரில் (ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் செய்யும் கருவி) ஒரு ஆப், இரண்டு மூன்று டெவலப்பர்கள், கிளையண்ட் பக்கம் நாலைந்து ஆண்ட்ராய்டு போன்கள். 'டெஸ்டிங்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப், அதில் 'ஆப்-ரிலீஸ்' என்று ஒரே பெயரில் வரிசையாகப் பதினைந்து ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப் கோப்பு). சரிதானே?

எங்களுடையது ஈரோட்டில் ஒரு மளிகை மொத்த வியாபாரிக்குச் செய்த ஆர்டர் ஆப். லைனுக்குப் போகிற விற்பனை ஆட்கள் கடையில் நின்றபடியே ஆர்டரைப் போட வேண்டும். சிக்னல் இல்லையென்றால் ஆப் அதைப் போனிலேயே வைத்திருந்து, சிக்னல் வந்ததும் சர்வருக்கு அனுப்பும். சோதித்துப் பார்க்க அவர்கள் கொடுத்த ஆள் ஐம்பதைத் தாண்டிய ஒரு அண்ணன். திம்பம் மலை ஏறித் தாளவாடி வரை அவர் லைன்.

ஒருமுறை அவர் சிக்னல் இருக்கும் சத்தியமங்கலத்துக்கு இறங்கி வந்த பிறகும் ஆர்டர்கள் சர்வருக்கு வரவில்லை. 37 ஆர்டர் போனிலேயே மாட்டிக்கொண்டன. எங்கள் கோடில்தான் தப்பு. அதைச் சரிசெய்து, என்னுடன் வேலை பார்த்தவன் அவன் லேப்டாப்பிலிருந்து புது ஏபிகேயை அனுப்பினான். முந்தையது என் லேப்டாப்பில் எடுத்தது. அண்ணன் போனில் அது ஏறவே இல்லை. எனக்கு போன் செய்தார். நான் டீக்கடையில் இருந்தேன். "பழசை அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்தேன்.

ஆப் ஏறியது. 37 ஆர்டரும் அழிந்துபோய்விட்டன.

ஃப்ளட்டரில் புதிதாகப் புராஜெக்ட் தொடங்கினால், நாம் மாற்றாத வரை ரிலீஸ் பில்டுக்கும் டீபக் சாவியில்தான் (சோதனைக்காகத் தானே உருவாகும் சாவி) கையெழுத்து, அதாவது இன்னார் செய்தது என்ற டிஜிட்டல் முத்திரை, விழும். அந்தச் சாவி கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் வேறு. கோடு ஒன்று, பெயர் ஒன்று. ஆனால் ஆண்ட்ராய்டுக்கு அவன் கொடுத்ததும் நான் கொடுத்ததும் வேறு வேறு ஆள் செய்தது. ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றாது. அன்இன்ஸ்டால் செய்தாலோ உள்ளிருந்த டேட்டாபேஸும் சேர்ந்து அழியும். பதிப்பு எண்ணை வைத்தாவது எது யாருடையது என்று பிரிக்கலாமா என்றால், எல்லாமே 1.0.0. ஒருவரும் எண்ணை ஏற்றியதே இல்லை.

"ஏனுங் தம்பி, கடைக்காரங்ககிட்ட மறுக்கா எப்படிப் போயி நிக்கறதுங்?" என்றார் அண்ணன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். மறுநாள் மறுபடி மலை ஏறினார்.

அந்த வாரமே ஃபாஸ்ட்லேனை வைத்தேன். ஒரு கட்டளை அடித்தால் பில்டு எண் ஒன்று கூடும், ஒரே கீஸ்டோரில் (கையெழுத்துச் சாவி இருக்கும் கோப்பு) கையெழுத்து விழும், கிட் லாகிலிருந்து (கோடு மாற்றங்களின் பதிவு) என்ன மாறியது என்று எடுத்துக்கொள்ளும், ஃபயர்பேஸ் ஆப் டிஸ்ட்ரிபியூஷனில் (சோதிப்பவர்களுக்குப் பில்டு கொடுக்கும் கூகுள் சேவை) ஏற்றி எல்லோருக்கும் மெயில் போகும். இரண்டு நாள் வேலை.

ஃபாஸ்ட்லேனுக்கு ரூபி மொழி வேண்டும், வெர்ஷன் தகராறு செய்யும், இதற்குக் கிராடில் (ஆண்ட்ராய்டு பில்டு கருவி) பிளகினே போதுமே என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: தெரியும் ஐயா. வெறும் ஆண்ட்ராய்டு என்றால் அதையே வையுங்கள். எங்கள் கிளையண்ட் முதலாளி கையில் ஐபோன். டெஸ்ட்ஃப்ளைட்டுக்கும் (ஐபோனுக்குச் சோதனைப் பில்டு கொடுக்கும் ஆப்பிள் சேவை) ஃபாஸ்ட்லேனின் அதே கோப்பில் இன்னொரு லேன் (கட்டளைத் தொகுப்பு) எழுதினால் முடிந்தது. (அங்கே ஒரு பில்டு 90 நாளோடு காலாவதி. அது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் வாங்கிய பேச்சு தனிக்கதை.)

கருவி வந்ததும் எல்லாம் சுகம் என்றும் சொல்லமாட்டேன். கமிட் (கோடில் செய்த மாற்றத்தைப் பதிவது) போகும்போதெல்லாம் பில்டு போகட்டும் என்று ஆர்வக்கோளாறில் அமைத்துவிட்டேன். ஒரே நாளில் அண்ணனுக்கு 11 மெயில். எதைப் போடுவது என்று தெரியாமல் எதையுமே போடவில்லை. அப்புறம் இரண்டு குழுவாகப் பிரித்தேன்: எங்களுக்குத் தினமும், அவருக்கு நாங்கள் போட்டுப் பார்த்தபின் வாரம் ஒன்று. குறிப்பும் கிட் லாகிலிருந்து போவதில்லை. 'பில் தேதி சரிசெய்யப்பட்டது' என்று நானே தமிழில் எழுதுகிறேன்.

இந்த இரண்டு நாளை டைம்ஷீட்டில் எதற்குக் கீழே போடுவது என்று கேட்டேன். கிளையண்டுக்குப் பில் போட முடியாத வேலை, சொந்த நேரத்தில் செய்திருக்கலாமே என்றார் மேனேஜர். அந்த வருட அப்ரைசலில் எனக்கு மூன்று. திரைக்கு அனிமேஷன் போட்டவனுக்கு ஐந்து. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எங்கேயாவது சொல்ல வேண்டுமே.

நீங்கள் தனிநபர் கணக்கில் பிளே ஸ்டோருக்குப் போகப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (நாம் சேர்த்தவர்கள் மட்டும் பிளே ஸ்டோர் வழியாகச் சோதிப்பது) இருந்தாக வேண்டும். முன்பு 20 பேர், பிறகு குறைத்தார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏபிகே இந்தக் கணக்கில் சேராது.

ஃபாஸ்ட்லேன் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் போகட்டும், இன்றைக்கே ஒரு கீஸ்டோர் உருவாக்கி எல்லோரும் அதிலேயே பில்டு எடுங்கள். அரைமணி நேர வேலை. கீஸ்டோரையும் பாஸ்வேர்டையும் மட்டும் கிட்டில் போட்டுவிடாதீர்கள்.

அண்ணன் இன்னும் மெயில் பார்ப்பதில்லை. அவர் பையன் பார்த்துச் சொல்கிறான். புது பில்டு போட்டதும் அந்தப் பழைய குரூப்பில் ஒரு வரி வரும்: "ஏறிருச்சுங். ஆர்டரெல்லாம் அப்படியே இருக்குதுங்."