4 வயதுப் பையனுக்கு ராத்திரி ஆனால் உடம்பெல்லாம் அரிப்பு. கிரீம் போட்டால் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது. ரத்தம் கெட்டிருக்குமா?

நீங்கள் கேள்விக்குக் கீழே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பெரியவளும் விரல் சந்தைச் சொறிகிறாள், பாட்டிக்கும் இடுப்பில் அரிக்கிறதாம்." விடை அந்த வரியில்தான் இருக்கிறது. ராத்திரியில் கூடும் அரிப்பு, அதே வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு. இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சொறியைத்தான், டாக்டர்கள் ஸ்கேபீஸ் என்பது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சின்ன உண்ணி தோலுக்குள் வளை தோண்டி வாழ்வதால் வருவது. ரத்தம் கெட்டு வருவதில்லை, சூட்டிலும் வருவதில்லை. கத்தரிக்காய், கருவாடு, முட்டை எதையும் நிறுத்த வேண்டாம். வளரும் பிள்ளை, கொடுங்கள்.

எல்லா அரிப்பும் சொறியல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். வேர்க்குரு கழுத்திலும் முதுகிலும் வரும், காற்றாடிக்குக் கீழே படுத்தால் குறையும். கரப்பான் (டாக்டர்கள் எக்ஸிமா என்பது) முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்மடிப்பிலும் வறண்டு தடித்து மாதக்கணக்கில் இருக்கும். காணாக்கடித் தடிப்பு ஒரே இடத்தில் ஒரு நாளைத் தாண்டி நிற்காது. இங்கே மறைந்து அங்கே வரும். கொசுக்கடி துணி மூடாத கை காலில். படர்தாமரை வட்டமாக, ஓரம் தூக்கி. சொறிக்கு இடம் வேறு: விரல் சந்து, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, அரைஞாண் கயிறு படும் இடம், புட்டம். ஆண் பிள்ளைக்கு விதைப்பையிலோ குஞ்சிலோ பயறு அளவில் கெட்டியான, அரிக்கும் முடிச்சுகள் இருந்தால் பெரும்பாலும் சொறியேதான். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையில்கூட வரும்.

பகல் வெளிச்சத்தில் பையனின் விரல்களை விரித்துப் பாருங்கள். கொப்புளங்களுக்கு நடுவே பென்சிலால் லேசாகக் கிறுக்கியது போல, அரை சென்டிமீட்டர் நீளத்தில் சாம்பல் நிறத்தில் நெளிந்த கோடு தெரியலாம். ஒரு முனையில் புள்ளி. அது பெண் உண்ணி தோலின் மேலடுக்கைத் துளைத்துப் போன வழி. சந்தேகமாக இருந்தால் மைப்பேனா மையை மேலே தேய்த்து ஈரப்பஞ்சால் துடைத்துவிடுங்கள். மேல்தோலில் மை போய்விடும், வளைக்குள் இறங்கியது கோடாக நிற்கும். கோடு தெரியாவிட்டால் சொறி இல்லை என்று ஆகாது. ஒருவர் உடம்பில் சாதாரணமாக 10, 15 உண்ணிகள்தான் இருக்கும். உடம்பு முழுக்க அரிப்பது அவற்றின் எச்சத்துக்கும் முட்டைக்கும் தோல் காட்டும் ஒவ்வாமை. முதல் தடவை தொற்றும்போது அந்த ஒவ்வாமை கிளம்ப 4 முதல் 6 வாரம் ஆகும். அதனால்தான் இன்று அரிப்பே இல்லாத அப்பாவும் தொற்றைச் சுமந்துகொண்டிருக்கலாம்.

இனி, நீங்கள் போட்ட கிரீம். பெயர் எழுதவில்லை, ஆனால் "இரண்டே நாளில் அடங்கியது" என்றால் பெரும்பாலும் ஸ்டீராய்டோடு பூஞ்சைக்கும் கிருமிக்கும் மருந்து கலந்த கூட்டுக் கிரீமாகத்தான் இருக்கும். ஸ்டீராய்டு ஒவ்வாமையை அமுக்கும், உண்ணியைக் கொல்லாது. அரிப்பு அடங்கியிருக்கும் நாட்களில் உண்ணி நிம்மதியாகப் பெருகும், நோயின் உருவமும் மாறிப்போய் அடுத்துப் பார்க்கும் டாக்டரையே குழப்பும். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. 2018-லேயே பல ஸ்டீராய்டுக் கிரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தாயிற்று. இன்றும் "அரிப்புக்கு ஒரு டியூப்" என்று கேட்டால் கையில் கிடைக்கிறது. பிள்ளைகளின் தோல் மெல்லியது. மாதக்கணக்கில் போட்டால் இன்னும் மெலிந்து வரி வரியாக விரியும். ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கரப்பானுக்கு டாக்டர் அளவு சொல்லிக் கொடுத்தால் அது நல்ல மருந்து.

சொறி என்று டாக்டர் உறுதி செய்தால் பெரும்பாலும் எழுதுவது பெர்மெத்ரின் 5 சதவீத கிரீம். பேனுக்கான 1 சதவீதம் இதற்குப் போதாது. டியூபைப் படித்து வாங்குங்கள். 30 கிராம் டியூபில் பெரியவர்களுக்கும் 12 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஒரு முழு டியூப், 6 முதல் 12 வயதுக்குப் பாதி, 1 முதல் 5 வயதுக்குக் கால் (ஏறக்குறைய ஒன்றரை டீஸ்பூன்), 2 மாதம் முதல் ஒரு வயதுக்கு அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு). உங்கள் வீட்டில் மூன்று பெரியவர்கள், 8 வயதுப் பெண், 4 வயதுப் பையன். கூட்டினால் ஒரு ராத்திரிக்கு 112 கிராம் வருகிறது: நான்கு டியூப். இரண்டு தடவைக்கு எட்டு. பிள்ளைக்கு மட்டும் ஒரே ஒரு டியூப் எழுதிக் கொடுத்து அனுப்பும் சீட்டுகளால்தான் பாதி வீடுகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. மருந்தில் குறையில்லை.

ஐந்து பேரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும், அரிப்பு இல்லாதவரும். வெந்நீரில் குளித்த சூட்டோடு பூசாதீர்கள், மருந்து உடம்புக்குள் அதிகம் இறங்கும். தோல் ஆறி, ஈரம் காய்ந்த பிறகு கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை பூசுங்கள். கைக்குழந்தை என்றால் தலை, முகம், காதுக்குப் பின்னாலும், கண்ணையும் வாயையும் விட்டு. உங்கள் பையனுக்கு முகத்திலோ தலையிலோ கொப்புளம் இருந்தால் அவனுக்கும் அப்படியே. நகத்தை ஒட்ட வெட்டி நகக்கண்ணிலும் தடவுங்கள். அரைஞாண் கயிறு, கையில் கட்டிய கறுப்புக் கயிறு, தாயத்து, வளையல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்ற மனம் வராவிட்டால் மேலே தள்ளிவிட்டு அடியில் பூசுங்கள். அந்த ஒரு விரற்கடை விட்டுப்போனால் போதும், எல்லாம் முதலிலிருந்து. 8 முதல் 14 மணி நேரம் தோலில் இருக்க வேண்டும். நடுவில் கை கழுவினாலோ பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டாலோ அந்த இடத்தில் மறுபடி தடவுங்கள். விரல் சூப்பும் பிள்ளைக்குக் கையில் சாக்ஸ் மாட்டிவிடலாம்.

காலையில் குளித்து, துவைத்த துணி. கடந்த மூன்று நாளில் பயன்படுத்திய போர்வை, தலையணை உறை, துண்டு, தூளிச் சேலை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். துவைக்க முடியாத கம்பளி, பொம்மைகளைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வையுங்கள். மனிதத் தோலை விட்டால் உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஒரு வாரம் வைத்தால் கவலையே இல்லை. வீட்டுக்குப் பூச்சிமருந்து அடிக்கத் தேவையில்லை.

ஏழு நாள் கழித்து ஐந்து பேரும் மறுபடி. முதல் பூச்சில் தப்பிய முட்டைகள் 3, 4 நாளில் பொரிந்திருக்கும். குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடுவதற்குள் பிடித்துவிட வேண்டும்.

மருந்துக்குப் பிறகும் 2 முதல் 4 வாரம் அரிக்கும். செத்த உண்ணி தோலுக்குள் இருக்கும்வரை ஒவ்வாமை இருக்கும். மருந்து கேட்கவில்லை என்று தினமும் பூசாதீர்கள், தோல் எரிந்து புதிய அரிப்பு தொடங்கும். தேங்காயெண்ணெய் தடவலாம், தூக்கம் கெட்டால் அரிப்புக்குச் சிரப் கேட்டு வாங்கலாம். நான்கு வாரம் தாண்டியும் புதுக் கொப்புளம் வந்தால்தான் தோல்வி. அப்போது மாத்திரையும் உண்டு, ஐவர்மெக்டின். 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. எடையைப் பார்த்து டாக்டர்தான் தர வேண்டும்.

வேப்பிலையும் மஞ்சளும் போதாதா என்று கேட்பவர்களுக்கு: குளிக்கிற தண்ணீரில் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நம்பி இதை விடாதீர்கள். சொறிந்து புண்ணான தோலில் மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ பூசவே கூடாது.

சீழ், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். புண் ஆறிய சில வாரங்களில்கூட முகம் வீங்கி, சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; தோலில் வந்த கிருமியால் சிறுநீரகம் வீங்கியிருக்கலாம். படுத்த படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு அரிப்பே இல்லாமல் கையில் தடித்த செதில் இருந்தால் அதையும் காட்டுங்கள். அந்த வகைச் சொறியில் உண்ணிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

பள்ளியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் பூச்சு முடிந்து மறுநாள் குளித்துவிட்டால் அனுப்பலாம். "சுத்தமில்லாத வீடு" என்று பிள்ளையைத் தனியே உட்கார வைக்கும் ஆசிரியர்களிடம் தைரியமாகப் பேசுங்கள். தினம் இரண்டு வேளை குளிக்கிற பிள்ளைக்கும் இது வரும், நெடுநேரம் கை கோத்து விளையாடினாலே போதும். பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் வீட்டிலும் சொல்லிவிடுங்கள், அரிப்பு இருந்தால் அவர்களும் டாக்டரிடம் காட்டட்டும்.