ஆழ்மனச் சார்புச் சோதனை (ஐ.ஏ.டி.) மதிப்பெண்ணைப் பார்த்து நேர்காணல் குழுவிலிருந்து ஆளை நீக்கலாமா?

கேள்வி: கோவையில் ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் எம்.டி. ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்ததிலிருந்து ஆழ்மனச் சார்பு (நமக்கே தெரியாமல் மனம் ஒரு பக்கம் சாய்வது) என்று ஒரே பிடியாக நிற்கிறார். நேர்காணல் எடுக்கும் 14 பேரையும் இணையத்தில் இருக்கும் ஹார்வர்டு சோதனையைச் செய்யச் சொன்னோம். ஆணோடு வேலையையும் பெண்ணோடு வீட்டையும் மனம் எவ்வளவு சேர்த்துப் பார்க்கிறது என்று அளக்கும் சோதனை அது. ஐந்து பேருக்கு 'வலுவான தொடர்பு' என்று வந்தது, அதில் நானும் ஒருத்தி. அந்த ஐந்து பேரையும் குழுவிலிருந்து எடுத்துவிடலாம் என்கிறார். திங்கட்கிழமை 9 பேருக்கு நேர்காணல் இருக்கிறது. பத்து வருஷமாகச் சம்பாதித்துக் குடும்பத்தை நடத்துகிறவள் நான், எனக்கே இப்படி வந்ததை ஜீரணிக்க முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் திங்கட்கிழமை விஷயம். குழுவிலிருந்து யாரையும் நீக்க வேண்டாம், உங்களையும் சேர்த்துத்தான். அந்தச் சோதனை இந்த வேலைக்காகச் செய்யப்பட்டது இல்லை. நான் சொன்னால் எம்.டி. கேட்கமாட்டார் என்றால் அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள், அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

நீங்கள் செய்தது மறைமுகத் தொடர்புச் சோதனை, ஆங்கிலத்தில் Implicit Association Test, சுருக்கமாக ஐ.ஏ.டி. அமெரிக்க உளவியலாளர் அந்தோணி கிரீன்வால்டும் அவருடைய சகாக்களும் 1998-ல் வெளியிட்டது. அந்த முதல் ஆய்வில் பூக்களையும் பூச்சிகளையும் வைத்துத்தான் ஆரம்பித்தார்கள், மனிதர்களிடம் அப்புறம்தான் வந்தார்கள். அதே ஆண்டு மஹ்சரின் பானாஜி, பிரையன் நோசெக் இருவரோடும் சேர்ந்து இணையத்திலும் போட்டார்கள். (பானாஜி நம் பக்கத்து செகந்திராபாத்தில் பிறந்தவர், இப்போது ஹார்வர்டு பேராசிரியர்.)

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு சீட்டுக்கட்டு போதும். கலைத்துவிட்டு, ஆட்டினும் டைமனும் இடது பக்கம், இஸ்பேடும் கிளாவரும் வலது பக்கம் என்று முடிந்தவரை வேகமாகப் பிரித்துப் போடுங்கள், வீட்டில் யாரையாவது செல்போனில் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். மறுபடி கலைத்து, இந்தத் தடவை ஆட்டினும் இஸ்பேடும் இடது, டைமனும் கிளாவரும் வலது. கை தடுமாறும். சிவப்பும் சிவப்பும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருப்பதால் முதல் தடவை யோசிக்காமலே கை போனது, இரண்டாவது தடவை ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு நொடி நின்று போகிறது. அந்தத் தடுமாற்றத்தின் நேரத்தைத்தான் ஐ.ஏ.டி. அளக்கிறது. சீட்டுக்குப் பதிலாக ஆண் பெயர், பெண் பெயர், சம்பளம் அலுவலகம் மாதிரி வேலைச் சொற்கள், வீடு குழந்தைகள் மாதிரி குடும்பச் சொற்கள். ஒரு சுற்றில் ஆண் பெயருக்கும் வேலைச் சொல்லுக்கும் ஒரே பொத்தான், இன்னொரு சுற்றில் பெண் பெயருக்கும் வேலைச் சொல்லுக்கும் ஒரே பொத்தான். இரண்டு சுற்றின் சராசரி நேர வித்தியாசத்தை உங்கள் வேகத்தில் இருக்கும் ஏற்ற இறக்கத்தால் வகுத்தால் வருவதுதான் டி மதிப்பெண்.

ஆகவே உங்கள் கொள்கை என்ன என்று அது கேட்கவே இல்லை. எது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. அம்மா சமைக்கிறாள், அப்பா ஆபீஸ் போகிறார் என்று ஒன்றாம் வகுப்புப் படத்திலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம், அது உள்ளே போய் உட்கார யாரும் நம்மிடம் அனுமதி கேட்கவில்லை. வேலைக்குப் போகிற பெண்களிடமும் இந்தத் தொடர்பு ஆண்களிடம் வருகிற மாதிரியே வருகிறது. நீங்கள் சம்பாதிப்பதற்கும் இந்த மதிப்பெண்ணுக்கும் முரண்பாடு எதுவும் இல்லை, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, நீங்கள் போனது அமெரிக்கப் பக்கம் என்றால் அதில் வருகிற பெயர்கள் ஜெஃப்ரி, மிஷெல், ஜூலியா வகையறா. மிஷெல் ஆணா பெண்ணா என்று உங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் யோசித்த நேரமும் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டு சுற்றிலும் சேர்வதால் ஓரளவு கழிந்துவிடும்தான், ஆனாலும் அளவு கலங்கும்.

சரி, அந்த 'வலுவான' என்ற முத்திரை. டி மதிப்பெண் 0.15-ஐத் தாண்டினால் லேசான, 0.35-ஐத் தாண்டினால் மிதமான, 0.65-ஐத் தாண்டினால் வலுவான. 0.64 வாங்கியவர் குழுவில் இருப்பார், 0.66 வாங்கியவர் வெளியே போவார், அதுதானே உங்கள் எம்.டி. சொல்வது? அந்த அளவுக்கு இந்தக் கருவியில் நுணுக்கம் கிடையாது. ஒரே ஆள் சில நாள் இடைவெளியில் இரண்டு தடவை செய்தால் இரண்டு மதிப்பெண்ணுக்கும் இடையே இருக்கும் ஒட்டுறவு சுமார் 0.5 என்றுதான் வருகிறது (1 என்றால் அச்சாக ஒத்துப்போகிறது, 0 என்றால் சம்பந்தமே இல்லை). காலையில் ஏறினால் 62 கிலோ, மத்தியானம் ஏறினால் 71 கிலோ காட்டுகிற எடை மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பி ஒருத்தருக்கு டயட் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் ஆயிரம் பேர் ஏறினால் கூடுதலும் குறைச்சலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய் சராசரி ஓரளவு சரியாகவே நிற்கும். பத்து நாள் கழித்து அதே 14 பேரையும் மறுபடி உட்காரவையுங்கள், அதே ஐந்து பெயர்தான் வரும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

எம்.டி.க்குக் காட்ட வேண்டியது இதுதான்: யார் பாகுபாடு காட்டக்கூடியவர் என்று தனி ஆட்களை வகைப்படுத்த இந்தச் சோதனையைப் பயன்படுத்துவது சிக்கலானது என்று கிரீன்வால்டு, பானாஜி, நோசெக் மூவரும் 2015-ல் அவர்களே எழுதினார்கள். மதிப்பெண்ணுக்கும் நடத்தைக்கும் எவ்வளவு தொடர்பு என்பதிலும் நீண்ட சண்டை நடந்திருக்கிறது. 2009-ல் கிரீன்வால்டு குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒட்டுறவு சுமார் 0.27. 2019-ல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகளைத் தொகுத்தபோது அது 0.10 அளவுக்கு இறங்கிவிட்டது. 0.10 என்றால், ஆட்கள் நடந்துகொள்கிற விதத்தில் இருக்கும் வேறுபாட்டில் நூற்றில் ஒரு பங்கைத்தான் மதிப்பெண் விளக்குகிறது.

அப்போ குப்பையா என்று கேட்டால், இல்லை. பிரான்சில் ஒரு பலசரக்குக் கடைத்தொடரில் மேலாளர்களுக்கு இதே சோதனையை ஆண்-பெண்ணுக்குப் பதில் இனத்தை வைத்துக் கொடுத்து, அவர்களுக்குக் கீழே வேலை செய்த சிறுபான்மை இன கேஷியர்களைக் கவனித்தார்கள், 2017-ல் வெளியான ஆய்வு. சார்பு அதிகம் வந்த மேலாளர் ஷிப்டில் இருந்த நாளில் அந்த கேஷியர்கள் அதிகம் லீவு போட்டார்கள், பொருள்களை மெதுவாக ஸ்கேன் செய்தார்கள். மேலாளர் திட்டினாரா என்றால் அதுவும் இல்லை, அவர்களோடு பேசுவதையே குறைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். கூட்டமாகப் பார்க்கும்போது கருவி எதையோ பிடிக்கிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது நம் நாட்டு உதாரணம். மேற்கு வங்கத்தில் பிர்பூம் மாவட்டம். பஞ்சாயத்துத் தலைவர் பதவியில் அப்போது மூன்றில் ஒன்று பெண்களுக்கு, எந்தப் பஞ்சாயத்துக்கு எப்போது என்பது சுழற்சியில் வந்தது. 2009-ல் வந்த ஆய்வில் கிராமத்து ஆட்களுக்கு ஒரு தலைவரின் பேச்சை டேப்பில் போட்டுக்காட்டினார்கள், வார்த்தைக்கு வார்த்தை ஒரே பேச்சு, சிலருக்கு ஆண் குரலில், சிலருக்குப் பெண் குரலில். பெண் தலைவரைப் பார்த்தே இராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைச்சலாக மார்க் போட்டார்கள். பெண் தலைவரோடு வாழ்ந்து பார்த்த ஊர்களில் அந்த வித்தியாசம் காணாமல் போனது, பெண் என்றால் வீடு என்கிற ஐ.ஏ.டி. தொடர்பும் அங்கே தளர்ந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், தலைவராக யார் பிடிக்கும் என்று நேரடியாகக் கேட்டால் ஆண்தான் என்ற விருப்பம் மட்டும் அசையவில்லை.

கூட இருந்து பழகினதில் வந்த மாற்றம் அது. உங்கள் எம்.டி. அடுத்து அரை நாள் பயிற்சி ஒன்றுக்கு ஆள் கூப்பிடுவார், எனக்குத் தெரியும். 2016-ல் வந்த ஓர் ஆய்வில் ஆழ்மனச் சார்பைக் குறைக்க ஒன்பது வழிமுறைகளைப் போட்டுப் பார்த்தார்கள், எல்லாமே உடனே மதிப்பெண்ணைக் குறைத்தன, சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் எல்லாமே பழைய இடத்துக்கு வந்துவிட்டன. அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

மண்டைக்குள் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்கள் கோப்புகளைப் பாருங்கள். அங்கே இருப்பது மில்லிநொடி இல்லை, முடிவுகள். கடந்த இரண்டு வருஷத்தில் எத்தனை பெண்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரைக் கூப்பிட்டீர்கள், எத்தனை பேருக்கு வேலை கொடுத்தீர்கள், ஆண்களுக்கும் அதே மூன்று எண்கள். எக்செல்லில் ஒரு மத்தியான வேலை. எந்தப் படியில் இறங்குகிறது என்று பாருங்கள், ஆனால் பத்துக்கு ஆறு, பத்துக்கு நாலு என்கிற மாதிரி சின்ன எண்களை வைத்துக்கொண்டு யார் மீதும் பாய வேண்டாம்.

பயோடேட்டாவைப் பார்த்து ஆளைக் கூப்பிடுகிற கட்டம்தான் பெரும்பாலும் மோசமான இடம். 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் பாஸ்டனிலும் சிகாகோவிலும் ஒரே தரமான பயோடேட்டாக்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள், வெள்ளையர் பெயர் என்றால் பத்து அனுப்பினால் ஓர் அழைப்பு, கறுப்பினப் பெயர் என்றால் பதினைந்து அனுப்ப வேண்டியிருந்தது. இந்தியாவில் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற ஆய்வாளர்கள் 2007-ல் வெளியான ஆய்வில் அதையே செய்தார்கள், பத்திரிகை விளம்பரங்களுக்கு விண்ணப்பம் போட்டு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் அதே படிப்புள்ள தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் பெரும்பாலும் போய்விட்டதே என்பீர்கள். போய்விட்டது, ஆனால் அந்த வேலையை 'சொந்த ஊர் எது', 'அப்பா என்ன பண்றார்' என்ற இரண்டு கேள்விகள் செய்கின்றன. தில்லிப் பக்கம் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம், 2007-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, ஜோத்கா, நியூமன் என்ற ஆய்வாளர்கள் பேசியபோது, திறமைதான் முக்கியம் என்று அடித்துச் சொன்னவர்களே குடும்பப் பின்னணியையும் கட்டாயம் கேட்போம் என்றார்கள்.

நானே ஒரு குழுவில் உட்கார்ந்திருந்தபோது பார்த்தது. ஒரு பெண் நன்றாகப் பேசினாள், பக்கத்தில் இருந்தவர் தாளில் 7 என்று போட்டார். கடைசியில் அவர், "கல்யாணம் எப்போம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார், தை மாசம் என்றாள் அவள், அவள் வெளியே போனதும் 7 அடிக்கப்பட்டு 5 ஆனது. கெட்ட மனுஷர் இல்லை, தன் மகளைப் பொறியியல் படிக்கவைத்தவர். அதற்கு முன்னால் வந்த பையனிடம் அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. அவருக்கு ஐ.ஏ.டி. கொடுத்திருந்தால் என்ன மதிப்பெண் வந்திருக்குமோ, எனக்கு அது தேவையும் இல்லை, அந்தக் கேள்வியை எடுத்திருந்தால் போதும்.

அதனால் திங்கட்கிழமைக்கு முன்னால் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். ஒன்பது பேருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசையில், தாளில் அச்சடித்து. எந்தப் பதிலுக்கு எத்தனை மார்க் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஏன் என்றால், இந்தியாவில் விடைத்தாள் திருத்துவதைப் பற்றி ஹன்னாவும் லிண்டனும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், தாளின் மேல் போட்ட சாதிக்கு ஏற்ப மார்க் குறைந்தது தாள்கட்டின் தொடக்கத்தில் வந்த தாள்களில்தான் அதிகம், அளவுகோல் கைக்குப் பிடிபடுகிறவரை ஆசிரியர்கள் சாதியைத் துணைக்குப் பிடித்துக்கொண்ட மாதிரி. (அதில் தாழ்த்தப்பட்ட சாதி மாணவர்களுக்கு மார்க் குறைத்தவர்கள் பெரும்பாலும் அதே பிரிவு ஆசிரியர்கள். பெண்களை மட்டும் குழுவில் போட்டால் சரியாகிவிடும் என்று எம்.டி. சொன்னால் இதைச் சொல்லுங்கள்.) மார்க்கைப் பேனாவில் போடச் சொல்லுங்கள், ஒருத்தர் தாளை இன்னொருத்தர் பார்க்கும் முன்னால் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு அதற்கப்புறம்.

அந்த 14 பேரின் ஐ.ஏ.டி. முடிவுகளைப் பெயரோடு எங்கேயும் வைத்திருக்கவேண்டாம், மெயிலில் இருந்தால் அழித்துவிடுங்கள், அழித்ததை அவர்களிடமும் சொல்லிவிடுங்கள், அந்த ஐந்து பேரில் யாராவது இப்போது உங்களைப் போலவே தூங்காமல் இருக்கலாம். அப்புறம் உங்கள் விண்ணப்பப் படிவத்தில் தந்தை பெயர், தந்தை தொழில், சொந்த ஊர், திருமண நிலை என்று கட்டங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஒன்பது படிவத்தையும் அந்தக் கட்டங்களை மறைத்து ஜெராக்ஸ் எடுத்துக் குழுவுக்குக் கொடுங்கள். அசல் உங்கள் மேஜை டிராயரில் இருக்கட்டும்.