துறை கட்டியது யார், கப்பல் விட்டது யார்?

கேள்வி: பிரிட்டிஷ்காரர்கள் வந்து துறைமுகம் கட்டியிருக்காவிட்டால் மும்பை இன்றும் ஏழு மீனவத் தீவுகளாகத்தானே கிடந்திருக்கும்? அதற்கு நன்றி சொல்ல நமக்கு ஏன் இத்தனை தயக்கம்?
(சயானிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கட்டினார்கள், நான் மறுக்கவில்லை. 1873-இல் துறைமுகத்தை நிர்வகிக்கும் போர்ட் டிரஸ்ட், 1880-இல் பிரின்சஸ் டாக் (டாக் என்றால் கப்பல் நின்று சரக்கு ஏற்றி இறக்கும் துறை), அப்புறம் விக்டோரியா டாக், 1914-இல் அலெக்சாண்ட்ரா டாக். ஆனால் எல்லாப் பெருமையையும் அவர்கள் கணக்கிலேயே எழுதிவிடுகிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

இங்கே கப்பல் கட்ட கிழக்கிந்திய கம்பெனி 1736-இல் சூரத்திலிருந்து அழைத்து வந்தது லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்ற பார்சி தச்சரை. நூறு வருஷத்துக்கு மேல் அவர் வம்சம்தான் தலைமைத் தச்சர்கள். அந்த வம்சத்து ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா மலபார் தேக்கில் கட்டி 1817-இல் நீரில் இறக்கிய போர்க்கப்பலின் பெயர் 'டிரிங்கோமலி', அதாவது நம் திருகோணமலை. இருநூறு வருஷம் தாண்டியும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அது இன்னமும் மிதந்துகொண்டிருக்கிறது. நீங்கள் மீன் வாங்கப் போகிற சசூன் டாக்கும் சர்க்கார் கட்டியதல்ல. பாக்தாத்திலிருந்து வந்த யூத வியாபாரக் குடும்பம் 1875-இல் கட்டியது.

சரி, டாக் கட்டியது எதற்காக? 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு லண்டன் பயணம் கிட்டத்தட்ட பாதியாகச் சுருங்கியது. விதர்ப்பாவிலிருந்தும் கான்தேஷிலிருந்தும் பருத்தி மூட்டைகள் ரயிலில் வந்து கப்பலேறின. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் துணி இறங்கியது. அந்தச் சரக்கில் பம்பாய் வியாபாரிகளும் சம்பாதித்தார்கள். ஆனால் சொந்தமாகக் கப்பல் விட நம்மவர்கள் முனைந்தபோது நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில்.

வ.உ.சி. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். முதலில் வாடகைக்குக் கப்பல் கொடுத்தது ஒரு பம்பாய் கம்பெனி. நெருக்குதல் வந்ததும் பின்வாங்கிவிட்டது. கப்பலோடுதான் திரும்புவேன் என்று சொல்லிவிட்டு அவரே பம்பாய் வந்தார், 'காலியா' என்ற கப்பலை வாங்கினார். போட்டியாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் பயணமும் இலவசம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்றது. நஷ்டத்தைத் தாங்க அவர்களிடம் பணம் இருந்தது, பின்னால் அரசாங்கமும் இருந்தது. 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அவர் பாடுபட்டு வாங்கி வந்த காலியா எதிராளியின் கைக்கே விலைக்குப் போனது.

பம்பாயிலும் இதேதான். 1919-இல் இந்தியர்கள் தொடங்கிய சிந்தியா கப்பல் கம்பெனியின் 'லாயல்டி' கப்பல் இங்கிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. உடனே பிரிட்டிஷ் கம்பெனிகளின் கட்டணப் போர். 1923-இல் சிந்தியா அவர்களோடு ஒரு பத்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியதாயிற்று: கரையோரச் சரக்கோடு நின்றுகொள்ள வேண்டும், வெளிநாட்டுப் பாதைக்கு வரக் கூடாது.