‘எ’ போனால் துப்பும் போச்சு

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே ‘க்ளூலெஸ்’ என்ற சொல்லைப் போகிற போக்கில் போட்டுவிட்டேன். வாசகர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ‘க்ளூ’வைப் பற்றித்தான். சரி, ஒரே இதழில் தீர்த்துவிடுவோம்.

கேள்வி: மேடம், எங்கள் வங்கியின் லண்டன் அலுவலகத்திலிருந்து ஒரு மெயில். ஒரு பணப்பரிமாற்றம் ஏன் பாதியில் நின்றது என்பது பற்றி ‘வி ஹாவ் ஃப்யூ க்ளூஸ்’ என்று எழுதியிருந்தார்கள். ஏதோ சில தடயங்கள் கிடைத்திருக்கின்றன போல என்று நினைத்து, ‘அவற்றை எங்களுக்கும் அனுப்புங்கள்’ என்று பதில் போட்டேன். பக்கத்து மேசைக்காரர் சிரிக்கிறார். என்ன தப்பு?
– வங்கி அதிகாரி, மதுரை

பதில்: ‘ஒன்றும் பிடிபடவில்லை’ என்று சொன்னவரிடம் ‘பிடிபட்டதை அனுப்புங்கள்’ என்று கேட்டிருக்கிறீர்கள். சிரிப்பு அதற்குத்தான்.

‘எ ஃப்யூ க்ளூஸ்’ என்றால் சில தடயங்கள் உண்டு. முன்னால் இருக்கும் அந்த ஒற்றை ‘எ’யை எடுத்துவிட்டால், ‘ஃப்யூ க்ளூஸ்’. சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லை என்று அர்த்தம். தமிழில் இதே வேலையை ஏகாரம் செய்கிறது. ‘சில தடயங்கள் கிடைத்துள்ளன’ என்றால் கேட்கிறவருக்குத் தெம்பு வரும். ‘சில தடயங்களே கிடைத்துள்ளன’ என்றால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். நாம் ஓர் ஏகாரத்தைச் சேர்த்துக் குறைக்கிறோம். அவர்கள் ஓர் ‘எ’யை எடுத்துக் குறைக்கிறார்கள்.

இதோடு விட்டார்களா என்றால் இல்லை. ‘ஒன்லி எ ஃப்யூ’ என்றால் ‘எ’ இருந்தும் குறைவுதான். ‘க்வைட் எ ஃப்யூ’ என்றால் நிறையவே! ‘க்வைட் எ ஃப்யூ பீப்பிள்’ வந்திருந்தார்கள் என்று ஏஜென்சி அனுப்பிய செய்தியை ‘சிலரே வந்திருந்தனர்’ என்று ஒரு தமிழ்ப் பத்திரிகையில் மொழிபெயர்த்துவிட்டார்கள். கூட்டம் நடத்தியவர்கள் மறுநாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள் என்று அங்கே வேலை பார்த்த நண்பர் சொல்வார். வராமல் என்ன செய்வார்கள்?

இன்னொன்று. ‘எ’ இல்லாத ‘ஃப்யூ’ பெரும்பாலும் எழுத்தில் வருவது. வாயால் பேசும்போது ஆங்கிலேயர்கள் ‘நாட் மெனி’ என்பார்கள், ‘ஹார்ட்லி எனி’ என்பார்கள். துப்பறிகிற விஷயம் என்றால் ‘நாட் மச் டு கோ ஆன்’. பிடித்துக்கொண்டு மேலே போவதற்கு அதிகம் எதுவும் கையில் இல்லை என்பதுதான் அது. உங்கள் லண்டன்காரர் பேசியிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார், நீங்களும் தப்பித்திருப்பீர்கள்.

‘ஐடியா’ என்ற சொல்லுக்கு இந்தப் படிகள் இன்னும் அழகு. ‘நோ ஐடியா’ என்றால் சுத்தமாகத் தெரியாது. ‘வேக் ஐடியா’ என்றால் மசமசப்பாக ஏதோ தெரியும். ‘ரஃப் ஐடியா’வை நாமே வீடு கட்டும் மேஸ்திரியிடம் ‘ஒரு ரஃப் ஐடியா சொல்லுங்க’ என்று கேட்கிறோம், விளக்க வேண்டியதில்லை. ‘ஃபேர் ஐடியா’ என்றால் ஓரளவு நன்றாகவே தெரியும். கடைசிப் படிதான் விஷமம்: ‘ஐ ஹாவ் எ ப்ரிட்டி குட் ஐடியா ஹூ டுக் இட்’. எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும், பெயரைச் சொல்லத்தான் மாட்டேன்.

கேள்வி: வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை. ‘ஐ ஹாவ் நோ க்ளூ’ என்றேன். எதிரே இருந்தவரின் முகம் மாறிவிட்டது. இலக்கணப் பிழையா?
– கல்லூரி மாணவி, தேனி

பதில்: இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. இடம்தான் தப்பு. ‘ஐ ஹாவ் நோ க்ளூ’ ஹாஸ்டல் அறையில் சொல்வது. தேர்வாளர் காதில் அது, ‘தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை’ என்று விழும். ‘ஐ’ம் அஃப்ரெய்ட் ஐ டோன்ட் நோ’ என்று சொல்லியிருக்கலாம். இந்த ‘அஃப்ரெய்ட்’டில் பயம் எதுவும் கிடையாது, நம் ஊரில் ‘தப்பா நினைச்சுக்காதீங்க’ என்று ஆரம்பிப்போமே, அந்த மரியாதைதான். ‘ஐ’ட் ஹாவ் டு செக்’ என்றாலும் சரி, பார்த்துச் சொல்கிறேன் என்று கௌரவமாக முடிந்துவிடும்.

இந்த வாக்கியத்தைப் பிரிட்டனில் ‘ஐ ஹாவன்ட் எ க்ளூ’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ஐ டோன்ட் ஹாவ் எ க்ளூ’. எதைச் சொன்னாலும் புரியும். ‘எனக்கென்ன தெரியும்’ என்று கையை விரிக்கிற ‘சர்ச் மீ’, ‘பீட்ஸ் மீ’ இரண்டையும் மட்டும் வேலை கிடைத்த பிறகு கேன்டீனில் வைத்துக்கொள்ளுங்கள். ‘துளிகூடத் தெரியாது’ என்கிற ‘ஐ ஹாவன்ட் த ஃபெய்ன்டெஸ்ட் ஐடியா’விலும் கவனம். குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னால் ‘இதை என்னிடம் ஏன் கேட்கிறாய்’ என்ற எரிச்சல் வந்துவிடும்.

கேள்வி: காவல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு வழக்கில் துப்பு கிடைக்கவில்லை என்றால் நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகள் ‘போலீஸ் க்ளூலெஸ்’ என்று தலைப்பு வைக்கின்றன. இது எங்களைத் திட்டுவதா, நிலைமையைச் சொல்வதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தலைப்பு வைத்தவர் நிலைமையைத்தான் சொல்கிறார். படிக்கிறவர் ஆங்கிலேயராக இருந்தால் திட்டு என்று எடுத்துக்கொள்வார்.

சென்னையில் ஓர் ஆங்கில நாளிதழின் இரவு டெஸ்க்கில் பல வருடம் குப்பை கொட்டியவள் நான். கிரைம் செய்தி பெரும்பாலும் பக்கத்தை அனுப்புகிற நேரத்தில்தான் வந்து சேரும். ஒற்றைப் பத்தி, மூன்று வரித் தலைப்பு, வரிக்குப் பத்துப் பன்னிரண்டு எழுத்து. அந்த இடுக்கில் ‘க்ளூலெஸ்’ கச்சிதமாக உட்காரும். ‘போலீஸாருக்கு இதுவரை தடயம் எதுவும் கிடைக்கவில்லை’ என்பதை எட்டே எழுத்தில் சொல்ல வேறு எந்தச் சொல் இருக்கிறது? வசதிக்காக வந்து ஒட்டிக்கொண்டது, அப்புறம் நம் ஊர் ஆங்கிலத்தின் வழக்கமாகவே ஆகிவிட்டது. நான் பார்க்கும் பக்கத்தில் மட்டும் ‘நோ லீட்ஸ்’ என்று மாற்றிவிடுவேன். எழுத்து கிட்டத்தட்ட அதேதான், யார் மனமும் புண்படாது.

ஆராய்ந்தால் நம் தலைப்புக்காரர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ‘க்ளூலெஸ்’ என்றால் வழிகாட்டும் தடயம் எதுவும் இல்லாதது என்றுதான் பொருள். ‘ஒன்றும் தெரியாத ஆள்’ என்று மனிதரைச் சொல்வது பிறகு வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940களில், பிரிட்டிஷ் விமானப்படையினரின் கொச்சைப் பேச்சில் அது புழங்கியது. அவர்கள் தகவலை ‘ஜென்’ என்பார்கள். நம்பகமான தகவல் ‘பக்கா ஜென்’, உதவாத தகவல் ‘டஃப் ஜென்’. ஆமாம், நாம் சொல்லும் அதே ‘பக்கா’தான்! இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய் விமானமும் ஏறிவிட்டது. எந்த ஜென்னும் எட்டாமல் விழித்துக்கொண்டு நிற்பவன் ‘க்ளூலெஸ்’.

இன்று யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துச் சூடு மாறும். ‘ஐ’ம் க்ளூலெஸ் அபௌட் கார்ஸ்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டால் அடக்கம். அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் பிடிபடவில்லை என்று மகள் சொன்னால் செல்லம். மேலதிகாரியைச் சொன்னால் வேலை போகலாம்.

தமிழும் ஒன்றும் சளைத்ததில்லை. ‘போலீஸாருக்குத் துப்பு கிடைக்கவில்லை’ என்று தாராளமாக எழுதலாம். ‘போலீஸாருக்குத் துப்பில்லை’ என்று எழுதிப் பாருங்கள், விடிவதற்குள் போன் வரும். ‘துப்புக்கெட்டவன்’ என்று வீட்டில் திட்டு வாங்காதவர் யார்? அதே துப்புதான்.

கேள்வி: அம்மா, ‘ஐ ஹாவ் எ க்ளூ’ என்று சொல்லலாமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், காரைக்குடி

பதில்: குறுக்கெழுத்து போடும்போதோ, திருடனைத் தேடும்போதோ சொல்லலாம். அங்கே க்ளூ நிஜமான க்ளூ. ‘எனக்கு இதைப் பற்றித் தெரியும்’ என்ற பொருளில் சொல்ல முடியாது. ‘அவன் லேசுப்பட்ட ஆள் இல்லை’ என்கிறோம்; ‘இவன் லேசுப்பட்ட ஆள்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? ‘சட்டை செய்யவில்லை’ உண்டு, ‘நன்றாகச் சட்டை செய்தான்’ கிடையாது. சில சொற்கள் இல்லை என்று சொல்வதற்காகவே பிறந்தவை, ‘க்ளூ’வின் இந்தப் பொருளும் அப்படி. கேள்வியில் வரலாம்: ‘டு யூ ஹாவ் எனி க்ளூ?’ தெரிந்தவரைப் பாராட்ட வேண்டும் என்றால் பிரிட்டனில் ‘க்ளூட் அப்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘க்ளூட் இன்’.

கேள்வி: ‘க்ளூ’வுக்கு மூலம் என்ன? நூல் கண்டு என்று எங்கோ படித்தேன், நம்பலாமா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: நம்பலாம். பழைய எழுத்துக்கூட்டல் ‘க்ளெவ்’ என்று படிக்கத் தோன்றும்படி இருக்கும், உச்சரிப்பு ‘க்ளூ’தான். பொருள் நூல் உருண்டை. கிரேக்கக் கதையில் கிரீட் தீவின் சுற்றுவழிக் கட்டடத்துக்குள் மாட்டுத்தலை அரக்கன் மினோட்டார் இருக்கிறான். அவனைக் கொல்ல தீசியஸ் உள்ளே போகிறான். உள்ளே போனவர் யாரும் வெளியே வந்ததில்லை. இளவரசி அரியாட்னி ஒரு நூல் உருண்டையைக் கொடுத்தனுப்புகிறாள். ஒரு முனையை வாசலில் கட்டி, பிரித்துக்கொண்டே போய், அரக்கனைக் கொன்று, அதே நூலைப் பிடித்துத் திரும்புகிறான். ஆங்கிலக் கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டில் இந்தக் கதையை ஆங்கிலத்தில் சொன்னபோது அந்த நூலுக்குப் போட்ட சொல் இதுதான். சிக்கலிலிருந்து வெளியே கொண்டுவரும் எதுவும் ‘க்ளூ’ என்று ஆனது 17ஆம் நூற்றாண்டு வாக்கில். பழைய எழுத்துக்கூட்டல் பாய்மரக்காரர்களிடம் இன்னும் இருக்கிறது. பாயின் கீழ்மூலைக்கு அவர்களிடம் அதுதான் பெயர்.

ஒரு வேடிக்கை: இன்று ‘க்ளூ’ என்றதும் குறுக்கெழுத்துதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் வைர வடிவில் போட்ட முதல் குறுக்கெழுத்தில் ‘க்ளூ’ என்ற சொல்லே இல்லை. ‘டெஃபினிஷன்ஸ்’ என்றுதான் போட்டிருந்தார்.

கேள்வி: இங்கே என்னுடன் வேலை செய்யும் வெள்ளைக்காரப் பையன் எதைக் கேட்டாலும் ‘ஹாவன்ட் எ ஸ்கூபி’ என்கிறான். கார்ட்டூன் நாய்க்கும் ஸ்டோர் ரூம் சாவிக்கும் என்ன சம்பந்தம், அக்கா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: நீங்கள் இருக்கிற பேட்டையின் சொத்து அது, தம்பி. கிழக்கு லண்டன்காரர்களின் எதுகை விளையாட்டு. ‘ஸ்டேர்ஸ்’ என்று நேராகச் சொல்லாமல் அதோடு ஒலி ஒத்துப்போகும் ‘ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்’ என்பார்கள். ‘லுக்’குக்கு ‘புட்ச்சர்ஸ் ஹுக்’. அதோடு நிற்காமல் எதுகை வருகிற பின்பாதியை வெட்டிவிடுவார்கள், ‘ஹாவ் எ புட்ச்சர்ஸ்’ என்றால் ஒரு பார்வை பார். வெளியூர்க்காரனுக்குப் புரியக் கூடாது, அவ்வளவுதான். ‘க்ளூ’வுக்கு எதுகை ‘ஸ்கூபி டூ’. ‘டூ’ கழன்றுகொண்டது, நாய் மிச்சம். 1969இல் தொடங்கிய அமெரிக்கக் கார்ட்டூன் அது. அந்தக் கூட்டம் வாராவாரம் க்ளூ தேடித்தான் அலையும் என்பதால் பொருத்தமும் பிரமாதம். ஸ்காட்லாந்துக்காரர்களும் இதைச் சொல்வார்கள். சாவி எங்கே என்று அந்தப் பையனுக்குத் தெரியாது. நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தப்பான தடயத்துக்கு ஏன் ‘ரெட் ஹெர்ரிங்’ என்று மீன் பெயர்?
– துப்பறியும் கதைப் பிரியர், ஈரோடு

பதில்: உப்பிட்டு, செம்பழுப்பாகிற வரை புகைபோட்ட ஹெர்ரிங் மீன். நாற்றம் தெருவைத் தூக்கும். வில்லியம் காபெட் என்ற இங்கிலாந்துப் பத்திரிகைக்காரர் 1807இல் எழுதினார்: சிறுவயதில் முயல் வேட்டை நாய்களைத் திசைதிருப்ப இந்த மீனைத் தரையில் இழுத்துக்கொண்டு போவேன் என்று. நிஜமாகச் செய்தாரோ, கதை விட்டாரோ. அவர் குறி நாயின் மேல் இல்லை, சக பத்திரிகைகளின் மேல். நெப்போலியன் தோற்றுவிட்டான் என்று வந்த பொய்ச் செய்தியை மோப்பம் பிடித்துக்கொண்டு ஓடி, உள்நாட்டு விவகாரங்களைக் கோட்டைவிட்டார்கள் என்று கிண்டல் செய்தார். இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியும் பத்திரிகைத் தொழிலில் மீன் வாடை போகவில்லை என்பேன்.

கேள்வி: ‘நாட் த ஃபாகியஸ்ட்’ என்றால்?
– வாசகர், ஊட்டி

பதில்: பின்னால் ‘ஐடியா’ என்றோ ‘நோஷன்’ என்றோ இருந்து உதிர்ந்துவிட்டது. பனிமூட்டத்தில் தெரிகிற அளவுக்குக்கூடத் தெரியாது. ஊட்டிக்காரருக்கு நான் பனிமூட்டத்தை விளக்குவதாவது!

கேள்வி: எங்கள் அமெரிக்க கிளையன்ட் மீட்டிங்கில் என் நண்பனிடம் ‘கெட் எ க்ளூ’ என்றார். இவன் ‘ஷ்யூர், தேங்க் யூ’ என்றான். சரிதானே?
– மென்பொருள் பொறியாளர், கோவை

பதில்: ‘கொஞ்சமாவது விவரத்தோடு பேசு’ என்று அவர் திட்டியிருக்கிறார். நன்றி சொல்லி வைத்தது தற்செயலாக நல்ல பதில், அந்த மனுஷர் குழம்பிப் போயிருப்பார். அடுத்த தடவை விஷயம் புரியாவிட்டால் அவர் வாயைத் திறக்கும் முன்பே ‘குட் யூ க்ளூ மீ இன்?’, அதாவது ‘எனக்கும் விவரம் சொல்லுங்களேன்’ என்று உங்கள் நண்பர் கேட்டுவிடட்டும்.