பழைய கையும் புது மெசினும்

(ரக்கெட் கேள்வி பதில். திருகோணமலையில் நெடுங்காலமாக பட்மின்டன் ரக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் கட்டிவரும் ஒருவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: பத்து வருடமாகக் கைப்பிடி சுற்றுகிற மெசினில்தான் கட்டினேன். போன மாதம் கரண்டில் ஓடுகிற மெசின் ஒன்று வாங்கினேன். முந்தி மாதிரியே 24 வைத்து இழுக்கிறேன். ஆனால் கொண்டுபோகிற பிள்ளைகள், “அண்ணா, பலகையால அடிக்கிற மாதிரி இருக்கு” என்கிறார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஸ்ட்ரிங் அறுந்தும் விட்டது. பிழை மெசினிலா, என் கையிலா? (வாசகர், உப்புவெளி)

பதில்: தம்பி, முதல் பிழை அந்த 24இல் இருக்கிறது.

24 என்றால் 24 இறாத்தல். கடையில் வாங்குகிற ஒரு இறாத்தல் பாண் 450 கிராம். அப்படி 24 பாணை ஒரே நூலில் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ, அவ்வளவு. அதைத் தாங்குவது 0.70 மில்லிமீட்டர் தடிப்புள்ள நைலோன். நைலோன் பிடித்த பிடியில் நிற்காது, இழுபட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் பழைய மெசின் 24 வந்ததும் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு இழுக்காது. இழுத்த ஸ்ட்ரிங்கைக் கடித்துப் பிடிக்கிற கிளாம்பை நீங்கள் பூட்டுவதற்குள் ஸ்ட்ரிங் கொஞ்சம் நீண்டு, இழுவை இறங்கிவிடும். புது மெசின் அப்படி விடாது. ஸ்ட்ரிங் தளரத் தளர மோட்டர் திரும்பத் திரும்ப இழுத்து, கிளாம்ப் பூட்டும் வரை 24லேயே வைத்திருக்கும். அப்படிப் பார்த்தால், பத்து வருடமாக நீங்கள் 24 என்று சொல்லிக் கொடுத்தது 24ஐ விடக் குறைவானது. பிள்ளைகளின் கை பழகியது அதற்குத்தான். இப்போதுதான் அவர்கள் முதல்முதலாக உண்மையான 24ஐப் பிடிக்கிறார்கள்.

அதனால் 22இல் தொடங்குங்கள். “24 கட்டுங்கோ” என்று கேட்கிற பிள்ளைக்கு விசயத்தைச் சொல்லிவிட்டே 22 கட்டுங்கள். ஒளித்துச் செய்தால் பிறகு வேறு யாரிடமாவது 24 கட்டிக்கொண்டு வந்து உங்களோடு சண்டை பிடிப்பான்.

மெசின் காட்டுகிற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். நான் என்னுடையதைக் கொழும்பிலிருந்து இரவு மெயில் ரயிலில் மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்தேன். அவ்வளவு பத்திரமாக வந்தும் காட்டியது ஒன்று, இழுத்தது ஒன்று. பிரயாணப் பையை நிறுக்கிற சின்னத் தூக்குத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். (எனக்கு முதலில் தராசு தந்து உதவியது ஒரு மீன் வியாபாரி. மெசின் இரண்டு நாள் சூடை மணத்தது.) தராசின் ஒரு பக்கத்தை மெசினின் தூணில் கட்டி, மறுபக்கம் ஸ்ட்ரிங் துண்டைப் போட்டு இழுக்க விடுங்கள். 24க்கு 10.9 கிலோ காட்ட வேண்டும். மாதம் ஒருதரம் பார்த்தால் போதும்.

இனி அறுந்த கதை. நெடுக்கு ஸ்ட்ரிங் அறுந்ததா, குறுக்கு அறுந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கிளாம்பின் வாய்க்குள் கடிபட்ட இடத்தில் அறுந்திருந்தால் கிளாம்ப் இறுக்கம் கூட. பழைய மெசினில் ஒருதரம் முறுக்கி வைத்த திருகோடு வருடக்கணக்கில் ஓட்டியிருப்பீர்கள். புதியதில் ஸ்ட்ரிங்கின் தடிப்புக்கு ஏற்ப மாற்ற வேண்டும். யொனெக்ஸ் பிஜி 65 என்றால் 0.70, பிஜி 66 அல்டிமக்ஸ் என்றால் 0.65. 0.65க்கு வைத்த கிளாம்ப் 0.70ஐ நசுக்கும், 0.70க்கு வைத்தது 0.65ஐ வழுக்க விடும். வழுக்குகிறதா என்று அறிய, பூட்டிய கிளாம்புக்கு ஒட்டினாற்போல் பேனையால் ஒரு புள்ளி வையுங்கள். மெசின் பிடியை விட்டதும் புள்ளி நகர்ந்தால் வழுக்குகிறது. உடனே திருகை இறுக்கப் போகாதீர்கள். முதலில் ஸ்பிரிட் தொட்ட துணியால் கிளாம்பின் பல்லைத் துடையுங்கள். ஸ்ட்ரிங்கின் பூச்சு உரிந்து அதில் மெழுகு மாதிரிப் படிந்திருக்கும். உப்புக்காற்று வேறு. உங்களுக்கும் கடலுக்கும் நடுவில் என்ன, நாலு தென்னைதானே? இரவில் மெசினை ஒரு பழைய சாரத்தால் மூடி வையுங்கள்.

குறுக்கு இழுக்கும்போது அறுந்ததென்றால் பெரும்பாலும் அவசரம். பின்னிவிட்டு ஒரே மூச்சில் சரக்கென்று இழுத்தால், நெடுக்கு ஸ்ட்ரிங்கின் ஒரே இடத்தில் உராய்ந்து சுட்டுவிடும். இழுக்கும்போது கையை விசிறி மாதிரி மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இழுங்கள். கிரமற் (ஸ்ட்ரிங் போகிற ஓட்டைக்குள் இருக்கிற பிளாஸ்டிக் குழல்) உடைந்த ஓட்டையும் ஒரு காரணம். விரலால் தடவினால் விளிம்பு கீறும்.

ஸ்ட்ரிங் அறுந்தால் 10 மீட்டர் நைலோனோடு போகும். ரக்கெட் போனால் தலை குனிய வேண்டும். நான் குனிந்தவன். புது மெசின் வந்து இரண்டாவது கிழமை, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் ரக்கெட்டில் 22 நெடுக்கையும் கட்டி முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்க எழுந்து போனேன். ரக்கெட்டின் தலையை மெசினில் பிடித்து வைக்கிற பக்கத்துத் தாங்கிகளைச் சரியாக முட்ட வைக்கவில்லை. நெடுக்கு மட்டும் இழுபட்டு நின்றால் ரக்கெட்டின் தலை நீளத்தில் சுருங்கி அகலத்தில் விரியும். குறுக்கு போட்டால்தான் பழைய வடிவத்துக்கு வரும். திரும்பி வந்து குறுக்குப் போட்டு மேலே போகப் போக, ரக்கெட்டின் தோள்பட்டையில் ‘கிறீக்’ என்றது. கையெழுத்து மாதிரி ஒரு மெல்லிய வெடிப்பு. புது ரக்கெட் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளையின் தகப்பன் ஒரு வார்த்தை ஏசவில்லை, அதுதான் இன்னும் சுடுகிறது.

இப்போது கட்டுவதற்கு முன்பும் பின்பும் தலையின் அகலத்தை அளந்து ஒரு கொப்பியில் எழுதுகிறேன். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். தாங்கிகள் ரக்கெட்டைத் தொட்டால் போதும், நெரிக்கக்கூடாது. நெடுக்கைக் கட்டும்போது இடமும் வலமும் மாறி மாறிப் போக வேண்டும். ஒரு பக்கத்தையே முடித்துவிட்டு மற்றப் பக்கம் வரக்கூடாது. குறுக்குக்கு ஒன்று இரண்டு இறாத்தல் கூட வையுங்கள். மெசினில், ஸ்ட்ரிங்கை முதலில் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிடுகிற ‘முன் இழுவை’ என்றொரு பொத்தான் இருக்கும். பழகும் வரைக்கும் அது பக்கம் போக வேண்டாம்.

முதல் பத்து ரக்கெட்டையும் உங்கள் சொந்த ரக்கெட்டாகவே கட்டுங்கள். ஒரே ரக்கெட்டை வெட்டி வெட்டிக் கட்டினாலும் சரி. 200 மீட்டர் ரீல் வாங்கினால் இருபது ரக்கெட் கட்டலாம், செலவு கையைக் கடிக்காது. வெட்டும்போதும் நடுவில் தொடங்கி நெடுக்கையும் குறுக்கையும் சேர்த்து வெட்டுங்கள்.

பழைய மெசினை விற்றுவிடாதீர்கள். 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது எனக்குச் சோறு போட்டது மூலையில் கிடந்த, கரண்ட் இல்லாமல் எடைக்கல்லால் இழுக்கிற பழைய மெசின்தான்.

கேள்வி: மகளுக்கு 13 வயது. கூட விளையாடுகிற பெரிய பிள்ளைகள் 28 கட்டுகிறார்களாம், தனக்கும் 28 வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். கட்டலாமா? (ஒரு தாய், உவர்மலை)

பதில்: வேண்டாம் அக்கா. 20, மிஞ்சினால் 22. இழுவை கூடக் கூட ஸ்ட்ரிங்கின் நடுவில் ‘நல்ல இடம்’ சுருங்கிக்கொண்டே போகும். இறகுப்பந்தைப் பத்துக்கு ஒன்பது தரம் அந்த இடத்திலேயே எடுக்கிறவர்களுக்குத்தான் 28. மற்றவர்களுக்குப் பந்து பின்கோட்டுக்குப் போகாது, தோள்தான் நோகும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எங்கள் நாட்டு நிலூக கருணாரத்ன ஜப்பானின் கெனிச்சி தாகோவை வென்ற கிழமை, என்னிடம் ரக்கெட் கொண்டுவந்த பொடியன்கள் எல்லோருக்கும் திடீரென்று கூடின இழுவை தேவைப்பட்டது. ஒரு மாதத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து குறைத்துக்கொண்டு போனார்கள். ரக்கெட்டின் தண்டிலோ தலைக்குக் கீழேயோ எவ்வளவு தாங்கும் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். மகளிடம் அதை வாசித்துக் காட்டுங்கள். என்னிடம் வந்தால் நானும் சொல்கிறேன். தாய் சொன்னால் கேட்காதது கடைக்காரன் சொன்னால் கேட்கும்.

கேள்வி: விளையாடாமல் வைத்திருந்த ரக்கெட்டிலும் ஸ்ட்ரிங் தொய்ந்துவிடுகிறது. ஏன்? (வாசகர், சீனக்குடா)

பதில்: கட்டிய நாளிலிருந்தே தொய்யத் தொடங்கும், அது அதன் சுபாவம். நைலோன் ஈரத்தையும் குடிக்கும். வெயிலில் நிற்கிற காருக்குள் விட்டால் இன்னும் மோசம். எங்கே வைத்திருந்தீர்கள் என்று எழுதவில்லையே?